தொழிற்பயிற்சிக்கு மனுச் செய்யும் வகை
(ஊராட்சி அங்கத்தினர் கூட்டத்தில் நிகழ்த்திய பேச்சு)



இருங்காட்டுக்கோட்டையில் 1998-ல் ஹுண்டாய் மோட்டார் உற்பத்தி தொடங்கிற்று. 2010-ல் ஒரகடத்தில் ரெனோ-நிஸான் ஆலை எழுந்தது. ஏரிப் பாய்ச்சலில் நெல் விளைந்த நிலங்கள் பல தொழிற்பேட்டைகளாயின. நிலம் கொடுத்த வீட்டுப் பிள்ளை ஆலை வாயிலில் காவலாளாகவோ, ஒப்பந்தக்காரரிடம் கூலியாகவோ நிற்பதைக் காண்கிறோம். உள்ளே யந்திரத்தருகே நிற்கத் தொழிற்சான்றிதழ் வேண்டும். அதைப் பெறும் வகையையே இன்று கூற விழைகிறோம்.

ஒரகடத்திலேயே அரசினர் தொழிற்பயிற்சி நிலையம் இருக்கிறது. மாநிலத்தில் 71 அரசினர் நிலையங்களை டாட்டா டெக்னாலஜீஸ் நிறுவனத்துடன் கூடிப் புதுப்பிக்க 2022-ல் உடன்படிக்கை செய்யப்பட்டது. ஒரகடம் நிலையமும் அவற்றில் ஒன்று.

"ஈராண்டு ஏன் வீணாக வேண்டும்? நேரே வேலைக்குப் போனால் சம்பளம் வருமே" என்பார் உண்டு. நியாயமான கேள்விதான். ஆனால் 2006-ல் தொடங்கிய நோக்கியா கைப்பேசி ஆலை 2014-ல் உற்பத்தியை நிறுத்திய கதையை இவ்வட்டாரம் மறக்கவில்லை. ஓர் ஆலையின் ஒரு வேலையை மட்டும் பழகியவர் அடுத்த ஆலையில் புதியவரே. தேசியத் தொழிற்சான்றிதழோ இந்தியா முழுவதும் செல்லும்.

வெல்டர் பயிற்சிக்கு எட்டாம் வகுப்புத் தேர்ச்சி போதும், ஓராண்டில் முடியும். ஃபிட்டர், எலெக்ட்ரீஷியன் பயிற்சிகளுக்குப் பத்தாம் வகுப்பு வேண்டும், அவை ஈராண்டு. அரசினர் நிலையத்தில் பயிற்சிக் கட்டணம் கிடையாது. மாதம் 750 ரூபாய் உதவித்தொகையும், சைக்கிள், பஸ் பாஸ், சீருடை, பாடநூல்களும் உண்டு. பெண்களுக்கு உச்ச வயது வரம்பே இல்லை. இது பலருக்குத் தெரியாததால் அழுத்திச் சொல்கிறோம். 6-ஆம் வகுப்பு முதல் அரசுப் பள்ளியில் படித்த பெண்களுக்கு, 2022-ல் தொடங்கிய புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாயும் கிடைக்கும்.

மனுவை இணையவழியே தர வேண்டும். மதிப்பெண் பட்டியல், மாற்றுச் சான்றிதழ், சாதிச் சான்றிதழ், ஆதார் ஆகியவை கையில் இருக்கட்டும். மனுக் கட்டணம் 50 ரூபாய்தான். தரகருக்குக் காலணாவும் கொடுக்க வேண்டியதில்லை. ஒரே தொழிலைக் குறிப்பிட்டுவிட்டு நிற்காமல், மனத்துக்கிசைந்த இரண்டு மூன்று தொழில்களை வரிசைப்படுத்துவது நலம். மதிப்பெண்ணும் இட ஒதுக்கீடும் கொண்டே இடம் தருகிறார்கள். கொடுத்த கைப்பேசி எண்ணை மாற்றிவிடக் கூடாது. அழைப்பு அதற்கே வரும்.

பெரும்பாலோர் தவறவிடுவது சாதிச் சான்றிதழை. கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர், தாசில்தார் என அது கை மாறி வர நாளாகும். ஆகவே மே 1 கிராமசபையிலேயே, அவ்வாண்டு எட்டும் பத்தும் எழுதிய பிள்ளைகளின் பெயர்களைக் குறித்து, சான்றிதழ் இல்லாதோரை மறுநாளே இ-சேவை மையத்துக்கு அனுப்பிவைக்குமாறு அங்கத்தினர்களைக் கேட்டுக்கொள்கிறோம்.