ஆனைக்காவில் பிறந்த அறிவியல் மேதை

 

ஐம்பூதத் தலங்களுள் நெருப்புக்குரிய திருவண்ணாமலை நம் பெரணமல்லூருக்கு அண்மையில் உள்ளது. இன்று நான் எடுத்துக்கொண்டதோ நீருக்குரிய திருவானைக்கா. அத்தலத்தில் 1888 நவம்பர் 7ஆம் நாள் ஓர் ஆண்மகவு பிறந்தது. தந்தையார் சந்திரசேகரர், தாயார் பார்வதி அம்மையார். பெற்றோர் பெயர்களில் அம்மையப்பர் பொருத்தம் அப்படி அமைந்திருக்க, பிள்ளைக்கு இட்ட பெயர் வேங்கடராமன். அவரே உலகறிந்த சர் சி. வி. இராமன்.

அப்புலிங்கத் தலத்தில் தோன்றியவருக்கு நீரே ஆராய்ச்சிப் பொருளாக வாய்த்தது. 1921இல் இங்கிலாந்திலிருந்து கப்பலில் திரும்புகையில், மத்தியதரைக் கடலின் நீலம் அவர் உள்ளத்தைக் கவர்ந்தது. வானத்தின் நீலமே கடலில் எதிரொளிக்கிறது என்பது ராலே பிரபு என்னும் பேரறிஞர் சொல்லிவைத்த விளக்கம். இராமன் தம் கையிலிருந்த சிறு பட்டகத்தின் வழியே, மேற்பரப்பின் எதிரொளியை விலக்கிக் கடலை நோக்கினார். நீலம் மறையவில்லை! நீரின் மூலக்கூறுகளே ஒளியைச் சிதறடிக்கின்றன என்று தெளிந்தார்.

அந்த வினாவைப் பற்றிக்கொண்டு ஏழாண்டுகள் உழைத்தார். 1928 பிப்ரவரி 28ஆம் நாள், சிவராத்திரி வரும் மாசித் திங்களில், கல்கத்தாவில் அவருக்கு விடை கிடைத்தது. உடன் உழைத்தவர் வத்திராயிருப்பில் பிறந்த கே. எஸ். கிருஷ்ணன். ஒரே நிற ஒளியை ஒரு பொருளின் ஊடே செலுத்தினால், சிதறி வரும் ஒளியில் மிகச் சிறு பங்கு, ஏறக்குறைய கோடியில் ஒன்று, நிறம் மாறி வருகிறது. மூலக்கூறு ஒளியிடம் சிறிது ஆற்றலைப் பெறுகிறது, அல்லது கொடுக்கிறது. அதனால் நிறம் மாறுகிறது. நீலப் பாவில் பச்சை ஊடை ஓட்டி மயில்கழுத்து நிறம் காட்டும் உங்களுக்கு நிறத்தின் நுட்பத்தை நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் உங்கள் சேலையில் இரு நூல்கள் உண்டு; அவர் கண்டதில் புகுந்தது ஒரு நிறம், வெளிவந்தவை பல. 1930இல் நோபல் பரிசு அவரை நாடி வந்தது.

இவ்விடத்தில் சொற்பொழிவாளர் பலர், "பார்த்தீர்களா, ஜம்புகேசுவரர் அருள்!" என்று முடித்துவிடுவர். எனக்கு அதில் உடன்பாடில்லை. இராமன் சமயச் சடங்குகளில் நாட்டமற்றவர். தமக்கு எவ்விதச் சடங்கும் வேண்டா என்று சொல்லியிருந்தார். 1970 நவம்பர் 21இல் அவர் மறைந்தபோது, பெங்களூரில் அவர் நிறுவிய ஆய்வு நிலையத் தோட்டத்திலேயே எரியூட்டினர். அவ்விடத்தில் ஒரு மரத்தை மட்டும் நட்டனர். அத்தகையவரை மறைமுகச் சிவனடியாராக்குவது அவருக்கும் நேர்மையன்று, நமக்கும் பெருமையன்று. 2004 ஜூன் 18இல் ஜெனீவாவின் அணுத்துகள் ஆய்வுக்கூடத்தில் இந்திய அரசு வழங்கிய நடராசர் திருவுருவம் நிறுவப்பட்டது. மகிழ வேண்டிய செய்தியே. எனினும் அது அன்பளிப்பு. ஆனந்தத் தாண்டவத்திற்கு விஞ்ஞானி கொடுத்த சான்றிதழ் அன்று. தில்லைக் கூத்தனுக்குச் சான்றிதழ் எதற்கு?

இதை ஏன் வலியுறுத்துகிறேன் எனில், தறிக்குழியில் அமர்ந்து பட்டு நெய்து பிள்ளையைக் கல்லூரிக்கு அனுப்பிய பெற்றோர், "படித்தபின் கோயிலுக்கு வருவானோ" என்று கலங்குகின்றனர். மகன் ஏதேனும் கேட்டால், "தெய்வக்குற்றம்" என்று வாயை அடைக்கின்றனர். கேட்ட வினாவுக்கு அஞ்சும் பக்தி எத்தகைய பக்தி, ஐயா? ராலே பிரபு சொன்னதை இராமன் சோதித்தார். அதனால் ராலேயின் பெருமை குன்றவில்லை. விடை தெரியாவிடின், "எனக்குத் தெரியாதப்பா, நீ கற்று வந்து சொல்" என்று மகனிடம் சொல்லுங்கள். அவன் கோபுர வாயிலைத் தாண்டிச் செல்லமாட்டான். சென்றாலும் அவன் நம் பிள்ளையே.

ஆனைக்காவின் வரலாறு நீங்கள் அறிந்ததே. சிலந்தி ஒன்று, அதுவும் உங்களைப் போல் நெய்யும் இனந்தான், சருகு விழாதபடி இலிங்கத்தின் மேல் நூற்பந்தர் இழைத்தது. நீராட்ட வந்த யானை, அதனைத் தூய்மையற்றதெனக் கருதி அழித்தது. இரண்டும் செய்தது பூசையே. ஒன்றின் பூசை மற்றதன் கண்ணுக்குப் பிழையாகத் தோன்றியது. சினந்த சிலந்தி துதிக்கையுள் புகுந்து கடிக்க, இரண்டும் மாண்டன. இறைவன் இரண்டையும் ஏற்றான். கோச்செங்கட் சோழராகப் பிறந்த பின்னும் சிலந்திக்குப் பழைய பிணக்கு முற்றும் தீரவில்லை போலும். யானை ஏற இயலாத மாடக்கோயில்களாகவே கட்டினார். ஆனைக்காவின் கருவறை வாயில் இன்றும் யானை புகாத அளவிலேயே இருக்கிறது. தலத்தின் பெயர் மட்டும் யானையின் பெயராகவே நின்றுவிட்டது.

திருச்சிற்றம்பலம்.