மேளத்தைத் தாங்கும் தோள்

தாம்பரம், குரோம்பேட்டை, பல்லாவரம் வட்டாரத்தில் முகூர்த்த நாள்தோறும் கெட்டிமேளம் கேட்டு அட்சதை தூவும் கைகள் ஆயிரமாயிரம் இருக்க, அந்த மேளத்தைத் தாங்கும் தோளை ஏறிட்டுப் பார்த்த கண்கள் எத்தனை என்பதே இவ்வவையின் முன் வைக்கத்தக்க முதற் கேள்வியாகும்.

பலா மரத்தைக் குடைந்து, தோல் போர்த்தி, இரும்பு வளையமிட்டு முறுக்கப்பட்ட தவில் ஏறத்தாழ 10 கிலோ எடை உடையது. திருநீர்மலை போன்ற தலங்களின் வீதியுலாவில் அது நாடாவில் கோத்து ஒரே தோளில் நெடுநேரம் தொங்குவதால், சுமந்த தோள் உயர, முதுகுத்தண்டு மறுபக்கம் சாய, கழுத்துத் தசைகள் இறுகிப்போகின்றன. வலக்கை விரல்களில் துணியும் பசையும் சேர்த்து இறுகச் செய்த கூடுகள், இடக்கையில் பூவரசங்கழி என இரு கைகளும் இரு வேறு வேலை செய்து, இரு வேறு விதமாகத் தேய்கின்றன. 3 அடி நீளத்தை எட்டும் பாரி நாகசுரத்தை ஏந்தி, சீவாளியை உதடுகளால் கவ்வி ஊதுபவருக்கும் தாடையிலும் மணிக்கட்டிலும் வலி உண்டு. ஆயினும் பேச்சு தவில்காரரையே மீண்டும் நாடுகிறது, ஏனெனில் ஊர்வலம் நின்றாலும் அவருடைய சுமை இறங்குவதில்லை.

வலி என்று அவர் வாய் திறந்தால், சாதகம் போதவில்லை என்று தீர்ப்பளிக்கும் சிலர் இருக்கிறார்கள். குளிரூட்டிய அரங்கின் முன்வரிசையில் அமர்ந்து தொடையில் தாளம் போடும் அவர்கள், அந்த நாடாவைத் தம் தோளில் மாட்டிக்கொண்டு சன்னதித் தெருமுனை வரை ஒருமுறை நடந்துவிட்டு அதைச் சொல்லட்டும்! சாதகம் செய்தவரையும் நோய் விட்டுவைப்பதில்லை: அமெரிக்கப் பியானோ மேதை லியோன் ஃப்ளைஷருக்கு 1960களில் வலக்கை விரல்கள் தாமாகவே மடங்கிக்கொண்டன. விரலை இயக்கும் மூளையின் கட்டளை பிறழும் தசை இசிவு நோய் அது. சாதகத்தில் குறை வைக்காத அந்த மேதை ஏறத்தாழ 30 ஆண்டுகள் இடக்கைக்கென எழுதப்பட்ட இசையை வாசித்து, 1990களில் சிகிச்சை பெற்ற பின்னரே இரு கைகளோடு மேடைக்கு மீண்டார்.

சிகிச்சைக்கு இவ்வட்டாரம் அயலூரை நாட வேண்டியதில்லை. டாக்டர் சௌரி முத்து 1928இல் காசநோயாளிகளுக்காக நிறுவிய மருத்துவமனையால் பெயர் பெற்ற தாம்பரம் சானடோரியத்தில், 2005இல் திறந்துவைக்கப்பட்ட தேசிய சித்த மருத்துவ நிறுவனம் இயங்குகிறது. தொக்கணம் எனப்படும், தைலமிட்டுத் தசைகளைப் பிடித்துவிடும் முறை சித்த மருத்துவத்தின் சிகிச்சை முறைகளுள் ஒன்று. அங்கே இசைக்கலைஞர்களுக்கென வாரம் ஒரு காலைப்பொழுது, முகூர்த்தமில்லாத நாளாகப் பார்த்து ஒதுக்கப்பட வேண்டும். கல்யாண மண்டபங்களில் மணமக்களின் நாற்காலிகளுக்கு மெத்தை போடுகிறவர்கள், தவிலை இறக்கி வைத்து வாசிக்க நல்லதொரு மேடையும் போட வேண்டும்.