வீட்டிற்கும் கடைக்கும் ஒரு சேமிப்புப் பெட்டி



மலேசிய வருமான வரிச் சட்டப்படி, வணிகம் செய்வோர் தம் கணக்குகளையும் ரசீதுகளையும் 7 ஆண்டுகள் பாதுகாத்து வைக்க வேண்டும். அவையெல்லாம் இன்று கணினிக்குள் போய்விட்டன. ஆனால் அவற்றைத் தாங்கும் ஹார்ட் டிஸ்க்குக்கு, அதைச் செய்தவர்கள் தரும் உத்தரவாதமோ பெரும்பாலும் 3 அல்லது 5 ஆண்டுகள்தாம். நம் பிள்ளைகளின் படங்களும் மறைந்த பெரியவர்களின் குரலும் இருப்பது இத்தகைய தட்டுகளில்தான்.

ஆகவேதான் நம்மில் பலர் 'நாஸ்' எனப்படும் சேமிப்புப் பெட்டியை வாங்க எண்ணுகிறோம். ரவுட்டரோடு ஒரு கம்பியால் இணைத்துவிட்டால், வீட்டிலுள்ள தொலைக்காட்சி, கைப்பேசி, கணினி அனைத்தும் அதிலிருந்து எடுத்துக்கொள்ளும்.

எதை வாங்குவது? விற்பவர் முதலில் வேகத்தைப் பற்றித்தான் பேசுவார். நாம் அதில் மயங்க வேண்டியதில்லை. சாதாரண கிகாபிட் இணைப்பு வினாடிக்கு ஏறத்தாழ 110 மெகாபைட் கொண்டு செல்லும். உயர்தர 4கே ப்ளூ-ரே படத்துக்கே அதில் ஒரு சிறு பகுதி போதும். தட்டுகளின் எண்ணிக்கையைத்தான் கவனிக்க வேண்டும். 4 டெராபைட் தட்டு இரண்டைப் போட்டு, ஒன்று மற்றதன் நகலாக அமைத்தால், நமக்குக் கிடைப்பது 4 டெராபைட்டே. அத்தகைய தட்டு நான்கு போட்டு, ஒன்றின் அளவைக் காப்புக்கு ஒதுக்கினால் 12 கிடைக்கும். வீட்டிற்கு முன்னது போதும். கல்யாண வீடியோ எடுப்பவருக்குப் பின்னதே ஏற்றது. பெட்டியின் விலையில் தட்டுகள் பெரும்பாலும் சேர்வதில்லை என்பதையும் மறக்கலாகாது.

"இரண்டு தட்டு இருக்கிறதே, இனி என்ன கவலை?" என்போர் உண்டு. தட்டு பழுதானால் அது சரி. கைதவறி நாம் ஒரு கோப்பை அழித்தால், அந்நொடியே இரண்டிலும் அழிந்துவிடுமே! திருடன் பெட்டியோடு தூக்கிச் சென்றால் இரண்டும் போயிற்று. 2021 ஜூனில், வெஸ்டர்ன் டிஜிட்டல் நிறுவனத்தின் 'மை புக் லைவ்' பெட்டி வைத்திருந்தோர் பலர், இணையம் வழியே புகுந்தவர்களால் தங்கள் பெட்டி வெறுமையாக்கப்பட்டிருக்கக் கண்டனர். 2015-க்குப் பிறகு அவற்றுக்கு மென்பொருள் திருத்தம் வந்ததே இல்லை. எனவே, பாதுகாப்புத் திருத்தங்கள் இன்னும் எத்தனை ஆண்டு வரும் என்று கேட்டே வாங்குவோம். வெளியூரிலிருந்து பார்க்கும் வசதி தேவையில்லையென்றால் அதை அடைத்தே வைப்போம்.

ஆக, நம் கையிலுள்ள பணம் முழுவதையும் பெட்டியிலேயே போட்டுவிடக் கூடாது. தனித் தட்டு ஒன்றுக்கும், மின்தடை தாங்கும் யூ.பி.எஸ். கருவிக்கும் ஒதுக்க வேண்டும். நம் ஊரின் மாலை நேர இடிமழையை அறியாதவர் யார்? வாரம் ஒருமுறை அத்தனித் தட்டில் நகலெடுத்து, கம்பியைக் கழற்றி, அண்ணன் வீட்டிலோ தங்கை வீட்டிலோ கொடுத்து வைப்போம். வாங்கிய முதல் மாதத்திலேயே, பழைய கணக்கு ஒன்றை அத்தட்டிலிருந்து எடுத்துத் திறந்து பார்த்துவிடுவோம்.