வாடகைக்கு மின்சார ஸ்கூட்டர்



சக்குபள்ளத்துக்குப் பொது வண்டி புதிதல்ல. பொழுது விடியும் முன்பே கம்பம், கூடலூர் பக்கமிருந்து ஜீப்புகள் மலை ஏறுகின்றன. ஏலத்தோட்ட வேலைக்கு வரும் பெண்கள் அவற்றில் நெருக்கி உட்கார்ந்து வருகிறார்கள். மடியில் தூக்குச்சட்டி இருக்கிறது. குமுளிக்கும் அணக்கரைக்கும் போகிறவர்கள் ஆட்டோ வருகிறதா, ஜீப் வருகிறதா என்று சாலையோரம் பார்த்து நிற்கிறார்கள். ஒரு வண்டி, பல பேர். ஆளுக்குக் கொஞ்சம் காசு.

நகரங்களில் இப்போது வேறு விதமான பொது வண்டி வந்திருக்கிறது. அது மின்சார ஸ்கூட்டர். சாலையோரத்தில் வரிசையாக நிற்கும். வேண்டியவர் எடுத்து ஓட்டுவார். போக வேண்டிய இடம் வந்ததும் அங்கே விட்டுவிட்டுப் போவார். அடுத்து இன்னொருவர் எடுப்பார்.

"மலையில் இருக்கிறவர்களுக்கு இந்தப் பேச்சு எதற்கு?" என்று கேட்கலாம். தோட்டத் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகள் பலர் இன்று பெங்களூரிலும் கொச்சியிலும் கோவையிலும் வேலை பார்க்கிறார்கள். "அம்மா, வாடகை ஸ்கூட்டர் எடுத்திருக்கிறேன். அதில்தான் வேலைக்குப் போகிறேன்" என்று ஒரு நாள் பிள்ளை போனில் சொல்லலாம். அது என்ன வண்டி? அதில் என்ன லாபம்? என்ன ஆபத்து? கேட்க வேண்டிய கேள்வி எது? இவை தெரிந்திருந்தால் நல்லதுதானே?

முன்பு ஊருக்கு ஊர் வாடகை சைக்கிள் கடை இருந்தது. பெரியவர்களுக்கு நினைவிருக்கும். கடைக்காரர் நோட்டில் பெயர் எழுதுவார். எடுத்த நேரம் எழுதுவார். திரும்பக் கொண்டு வந்ததும் மணியைப் பார்த்துக் காசு வாங்குவார். முன்பணம் கேட்க மாட்டார். அவருக்கு உங்கள் அப்பாவைத் தெரியும். அதுதான் ஜாமீன்.

மின்சார ஸ்கூட்டரும் அதே கதைதான். நோட்டு இருந்த இடத்தில் இப்போது கைபேசி இருக்கிறது. முதலில் அந்த நிறுவனத்தின் ஆப்பைக் கைபேசியில் இறக்க வேண்டும். பெயர், அடையாள விவரம் கொடுக்க வேண்டும். கொஞ்சம் பணம் முன்னதாகப் போட வேண்டும். வண்டியில் ஒரு கறுப்பு வெள்ளைக் கட்டம் ஒட்டியிருக்கும். டீக்கடையில் பணம் செலுத்த ஒட்டி வைத்திருப்பார்களே, அதேபோல. கைபேசியை அதற்கு நேரே காட்டினால் பூட்டு திறக்கும். அந்த நிமிடமே வாடகை ஓடத் தொடங்கும்.

இந்தியாவில் இதற்குப் பேர்போன ஊர் பெங்களூர். அங்கே 2017இல் யூலு என்ற நிறுவனம் தொடங்கப்பட்டது. முதலில் சைக்கிள் விட்டார்கள். பிறகு சிறிய மின்சார வண்டிகள் விட்டார்கள். மெட்ரோ ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் அவற்றைப் பார்க்கலாம். மும்பைக்கும் டில்லிக்கும் அவை போய்விட்டன.

மெட்ரோ நிலையத்துக்குப் பக்கத்தில் ஏன்? அங்கேதான் இதன் பயன் முழுதாகத் தெரிகிறது. ரயில் 15 கிலோமீட்டரை வேகமாகக் கடந்து இறக்கிவிடுகிறது. ஆனால் வேலைக்குப் போகும் இடம் இன்னும் 2 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. நடந்தால் அரை மணி நேரம். ஆட்டோக்காரர் கிட்டத்துச் சவாரிக்கு வர யோசிப்பார். அந்த 2 கிலோமீட்டருக்கு இந்த வண்டி ஏற்றது. வண்டி வாங்க எண்பதாயிரம், ஒரு லட்சம் என்று கடன் வாங்க வேண்டாம். பெட்ரோல் செலவு இல்லை. சத்தமும் புகையும் இல்லை.

சார்ஜ் போடும் வேலையும் ஓட்டுகிறவருக்கு இல்லை. பேட்டரி தீர்ந்தால் நிறுவனத்து ஆட்கள் வந்து மாற்றுகிறார்கள். இது சின்ன விஷயம் இல்லை. 2022 மார்ச் மாதம் வேலூரில் ஒரு வீட்டில் இரவு சார்ஜ் போட்டிருந்த மின்சார வண்டி தீப்பிடித்தது. புகையில் மூச்சுத் திணறி ஒரு தகப்பனாரும் அவர் மகளும் இறந்து போனார்கள். அதே ஆண்டில் வேறு சில ஊர்களிலும் வண்டிகள் எரிந்தன. அதன் பிறகுதான் மத்திய அரசு பேட்டரிப் பாதுகாப்பு விதிகளைக் கடுமையாக்கியது. ஒற்றை அறையில் நான்கு பேர் தங்கி வேலை பார்க்கும் பிள்ளைகளுக்கு, வண்டியை அறைக்குள் வைத்துச் சார்ஜ் போட வேண்டாம் என்பது பெரிய நிம்மதி.

இனி காசுக் கணக்குக்கு வருவோம். ஒரு பேச்சுக்கு இப்படி வைத்துக்கொள்ளுங்கள். வண்டியைத் திறக்க 10 ரூபாய். ஓடும் ஒவ்வொரு நிமிடத்துக்கும் 3 ரூபாய். ஒருவர் 20 நிமிடம் ஓட்டுகிறார். 60 ரூபாயும் 10 ரூபாயும் சேர்ந்து 70 ரூபாய் ஆகிறது. அவசரத்துக்குச் சரி. தினமும் போக வர என்றால் 140 ரூபாய். பஸ் போகும் வழியாக இருந்தால் பஸ்தான் மலிவு.

இதில் ஒரு கண்ணி உண்டு. வண்டியை விட்டு இறங்கினால் மட்டும் வாடகை நிற்காது. ஆப்பில் "பயணம் முடிந்தது" என்ற பொத்தானை அமுக்க வேண்டும். நிறுத்தச் சொன்ன இடத்தில் வண்டி நிற்கவும் வேண்டும். இரண்டில் ஒன்று தவறினாலும் வாடகை ஓடிக்கொண்டே இருக்கும். ஒருவர் மறந்துபோய் வேலைக்குள் போய்விட்டார். 5 மணி நேரம் கழித்துத்தான் பார்க்கிறார். 300 நிமிடம். நிமிடத்துக்கு 3 ரூபாய் வீதம் 900 ரூபாய்! ஏலத்தோட்டத்தில் ஒரு பெண் நாள் முழுக்க நின்று உழைத்தாலும் இவ்வளவு கிடைப்பதில்லை.

சைக்கிள் கடைக்காரராக இருந்தால் "அண்ணே, மறந்துட்டேன்" என்று சொல்லிப் பார்க்கலாம். பாதியாவது விடுவார். இங்கே பேச ஆள் இல்லை. கைபேசியில்தான் புகார் எழுத வேண்டும். ஆகவே வண்டியை எடுக்கும் போதும் விடும் போதும் ஒரு போட்டோ எடுத்து வைப்பது புத்திசாலித்தனம். ஏற்கெனவே இருந்த கீறலுக்கு உங்களிடம் காசு கேட்டால் காட்டலாம். நியாயம் கிடைக்கவில்லையா? தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதற்குப் போன் செய்து முறையிடலாம்.

வாடகை ஸ்கூட்டரை ஓட்டுகிறவர்களில் வேலைக்காக ஓட்டும் இளைஞர்கள் நிறையப் பேர். சாப்பாடு, மளிகை, மருந்து ஆகியவற்றை வீடு வீடாகக் கொண்டு கொடுக்கும் வேலை. இவர்கள் நிமிடக் கணக்கில் எடுப்பதில்லை. நாள் வாடகை, வார வாடகை பேசி எடுக்கிறார்கள். சொந்த வண்டி இல்லை, கையில் லைசென்ஸும் இல்லை. ஊரிலிருந்து பையோடு வந்து இறங்கிய பையனுக்கு அடுத்த வாரமே வருமானம் வருகிறது. இதைக் குறைத்துச் சொல்ல முடியாது.

ஆனால் கணக்கின் மறுபக்கத்தையும் பாருங்கள். வார வாடகை 1,400 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். நாளுக்கு 200 ரூபாய் ஆகிறது. ஒரு பார்சலுக்கு 25 ரூபாய் கிடைத்தால், முதல் 8 பார்சல் வாடகைக்கே போய்விடும். ஒன்பதாவது பார்சலில்தான் அவனுக்குக் காசு. மழையில் ஆர்டர் குறைந்தாலும் வாடகை குறையாது. காய்ச்சலில் 3 நாள் படுத்தால் 600 ரூபாய் கையை விட்டுப் போகும். பிள்ளை இந்த வேலைக்குப் போவதாகச் சொன்னால், "மாதம் எவ்வளவு வரும்?" என்று மட்டும் கேட்காதீர்கள். "வாடகை போக எவ்வளவு நிற்கும்? உடம்பு சரியில்லாத நாளில் வண்டியைத் திருப்பிக் கொடுக்க முடியுமா?" என்றும் கேளுங்கள்.

லைசென்ஸ் இல்லாமல் எப்படி ஓட்டுகிறார்கள்? சட்டத்தில் அதற்கு இடம் இருக்கிறது. மணிக்கு 25 கிலோமீட்டருக்குள் ஓடும், 250 வாட் திறனைத் தாண்டாத சிறிய மின்சார வண்டி இந்தியச் சட்டப்படி மோட்டார் வாகனம் ஆகாது. அதற்குப் பதிவு எண் வேண்டாம். லைசென்ஸ் வேண்டாம். கட்டாயக் காப்பீடும் இல்லை. அதைவிட வேகமான மின்சார ஸ்கூட்டருக்கு எல்லாம் வேண்டும். பச்சை நிறத்தில் நம்பர் பலகை இருந்தால் அது மோட்டார் வாகனம். அதற்கு லைசென்ஸும் ஹெல்மெட்டும் காப்பீடும் அவசியம். அதைச் சிறுவனிடம் கொடுத்தால் 2019இல் திருத்திய சட்டப்படி பெற்றோருக்கோ வண்டி உரிமையாளருக்கோ 25,000 ரூபாய் அபராதமும் 3 ஆண்டு வரை சிறையும் உண்டு.

மெதுவாகப் போகும் வண்டிதானே என்று நினைக்க வேண்டாம். 25 கிலோமீட்டர் வேகத்தில் தார்ச்சாலையில் தலை மோதினால் மண்டை உடையும். சட்டம் கேட்கவில்லை என்பதற்காகத் தலைக்கவசத்தை விட்டுவிடுவது என்ன நியாயம்?

ஜீப்பையும் இதையும் ஒப்பிட்டுப் பாருங்கள். ஜீப்பில் நீங்கள் பயணி. ஓட்டுகிறவர் ஒருவர் இருக்கிறார். வண்டிக்குச் சொந்தக்காரர் இருக்கிறார். விபத்து நடந்தால் கேட்க ஆள் உண்டு. காப்பீடு இருக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. வாடகை ஸ்கூட்டரில் காசு கொடுத்தவரே ஓட்டுநர். அவர் ஒரு பாட்டியம்மாவை இடித்துவிட்டால் பொறுப்பு அவர் தலையில் விழுகிறது. சிறிய வண்டிக்குக் கட்டாயக் காப்பீடு இல்லாததால், அடிபட்டவர் இழப்பீட்டுக்கு அலைய வேண்டும். நிறுவனம் தானாகக் காப்பீடு எடுத்திருக்கலாம். எதற்கு, எவ்வளவு என்பது ஆப்பில் உள்ள நிபந்தனையில்தான் எழுதியிருக்கும். பொடி எழுத்தில் இருக்கும் அந்தப் பக்கத்தைப் பெரும்பாலோர் படிக்காமலே "சம்மதம்" என்று அமுக்கிவிடுகிறார்கள்.

இந்த வண்டியால் அதிகம் கஷ்டப்படுகிறவர்கள் அதில் ஏறாதவர்கள்தான். நடந்து போகிறவர்களைச் சொல்ல வேண்டும். ஓட்டுகிறவர் வேலை முடிந்ததும் நடைபாதையில் குறுக்கே விட்டுவிட்டுப் போகிறார். கண் தெரியாதவர் தடுக்கி விழுகிறார். குழந்தையைத் தூக்கி வரும் தாய் சாலையில் இறங்கி நடக்கிறாள். சிலர் நடைபாதை மேலேயே ஓட்டுகிறார்கள்.

தமிழர்கள் நிறைய வாழும் சிங்கப்பூரில் இந்தச் சிக்கல் முற்றியது. அங்கே ஓடியது நின்றுகொண்டே ஓட்டும் ஸ்கூட்டர். ஒரு பலகை, இரண்டு சின்னச் சக்கரம், ஒரு கைப்பிடி, அவ்வளவுதான். விபத்துகள் கூடின. 2019 நவம்பர் 5 முதல் நடைபாதையில் அதை ஓட்டக் கூடாது என்று அரசு தடை போட்டது. மீறினால் 2,000 வெள்ளி வரை அபராதம் அல்லது 3 மாதம் வரை சிறை. சைக்கிள் பாதையில் மட்டும் ஓட்டலாம். அந்த ஸ்கூட்டரை நம்பிச் சாப்பாடு கொண்டு கொடுத்தவர்கள் பிழைப்புப் போயிற்று என்று முறையிட்டார்கள். மின்சார சைக்கிளுக்கு மாறிக்கொள்ள அரசு அவர்களுக்குப் பண உதவி செய்தது.

பிரான்ஸ் நாட்டுத் தலைநகரான பாரிசில் மக்களிடமே கேட்டுவிட்டார்கள். அங்கே 2018இல் வாடகை ஸ்கூட்டர் வந்தது. மூன்று நிறுவனங்கள் சுமார் 15,000 வண்டிகளை விட்டிருந்தன. 2023 ஏப்ரல் 2 அன்று ஓட்டெடுப்பு நடந்தது. ஓட்டுப் போட்டவர்களில் 100க்கு 89 பேர் வேண்டாம் என்றார்கள். அந்த ஆண்டு செப்டம்பர் முதல் வாடகை ஸ்கூட்டர்கள் அங்கே இல்லை. இதில் இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஓட்டுரிமை உள்ளவர்களில் 100க்கு 8 பேர் கூட ஓட்டுப் போட வரவில்லை. தினமும் ஓட்டிய இளைஞர்கள் பலர் வீட்டிலேயே இருந்துவிட்டார்கள் போலும்.

புகை இல்லாத வண்டி, ஆகவே ஊருக்கு நல்லது என்று விளம்பரம் சொல்கிறது. இது பாதி உண்மை. பெட்ரோல் வண்டியை விட்டுவிட்டு இதில் ஏறினால் நல்லதுதான். நடந்து போனவரும் பஸ்ஸில் போனவரும் இதற்கு மாறினால் என்ன நன்மை? அமெரிக்காவில் வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2019இல் இதைக் கணக்குப் போட்டார்கள். வண்டியைச் செய்வதிலும், தினமும் சேகரித்துச் சார்ஜ் போட்டுத் திரும்ப வைப்பதிலும்தான் அதிகக் கரி வாயு வெளியாகிறது என்று கண்டார்கள். ஆள் நிறைந்த பஸ் இதைவிட மேல் என்பது அவர்கள் கணக்கு. சீக்கிரம் உடைந்து போகும் வண்டி என்றால் இன்னும் மோசம்.

சக்குபள்ளத்துக்கு இந்த வண்டி வருமா? வருவது கஷ்டம். 250 வாட் மோட்டார் சமதளத்துக்குச் செய்தது. செல்லார்கோவில் ஏற்றத்தில் ஆள் இறங்கித் தள்ள வேண்டியதுதான். ஆனி, ஆடி மழையில் மூடுபனி இறங்கினால் பத்தடிக்கு அப்பால் தெரியாது. கைபேசிக்குச் சிக்னல் இல்லாத தோட்டத்தில் பூட்டைத் திறப்பதே பெரும்பாடு. ஒருவர் மட்டுமே ஏறும் வண்டி. ஏலக்காய் மூட்டையும் அரிசிப் பையும் வைக்க இடம் இல்லை. இந்த மலைக்குக் கொஞ்சம் திறன் கூடிய மின்சார ஆட்டோ பொருந்தலாம். அதற்கும் பேட்டரி மாற்றும் நிலையம் பக்கத்தில் வேண்டும். அதுவரை ஜீப்தான். கம்பத்திலிருந்து வரும் ஜீப் நாளைக்கும் விடியும் முன்பே மலை ஏறும்.