ஆஸ்பத்திரியில் கேட்டால் உள்ளதைச் சொல்லுவோம்

(கூட்டமைப்பு ஆண்டு விழாவில் பேசியது)

நான் ஆமத்தூர். பத்தாவது படிச்சிருக்கேன், வீட்டில்தான் இருக்கேன்.

குடியை ஒழிக்கணும்னு பேச நான் வரல. அதை நிறையப் பேர் பேசிட்டாங்க. ஆஸ்பத்திரியில கேட்கிற ஒரு கேள்வியைப் பத்தித்தான் பேசப் போறேன். “குடிப்பழக்கம் உண்டா?”ன்னு டாக்டர் கேட்டா, வீட்டுக்காரர் வாயைத் திறக்கும் முன்னாடி கூட வந்த பெண்ணே “அதெல்லாம் இல்லைங்க”ன்னு சொல்லிடுறாங்க. பின்னாடி வரிசையில சொந்தக்காரங்க நிப்பாங்களே, மானம் போயிடுமே!

எங்க தெருவில் ஒரு அக்கா. அவங்க வீட்டுக்காரர் வண்டியில இருந்து விழுந்து கால் எலும்பு முறிஞ்சிருச்சு. ஆஸ்பத்திரியில பழக்கம் இல்லைன்னே எழுதியாச்சு. மூணாம் நாள் ராத்திரி கை நடுங்குது, வேர்த்துக் கொட்டுது, சுவத்துல பூச்சி ஊருதுங்கிறார், குளுக்கோஸ் ஊசியைப் பிடுங்குறார். காத்து கருப்புன்னு நினைச்சு விபூதி எடுத்துட்டு ஓடினாங்க. ஒரு நர்சம்மாதான் அக்காவைத் தனியாக் கூப்பிட்டு, “தினமும் குடிப்பாரா, உள்ளதைச் சொல்லுங்கம்மா”ன்னு கேட்டாங்க. சொன்ன பிறகு மருந்து மாறிச்சு, மனுஷன் தெளிஞ்சார்.

தினமும் நிறையக் குடிக்கிறவர் திடீர்னு நிறுத்தினா ரெண்டு மூணு நாளுக்குள்ள இப்படி வரலாம். சிலருக்கு வலிப்பு வரும், உயிரும் போகலாம். முன்னாடியே தெரிஞ்சா டாக்டர் மாத்திரையும் வைட்டமின் ஊசியும் கொடுத்துத் தடுக்க முடியும். ஆபரேஷனுக்கு மயக்க மருந்து கொடுக்கிறவருக்கும் இது தெரியணும். சுகர் மாத்திரை, டிபி மாத்திரை சாப்பிடுறவங்க விஷயத்துலயும் அப்படித்தான்.

உலக சுகாதார நிறுவனம் இதுக்குன்னே பத்துக் கேள்வி வச்சிருக்கு. மொத்தம் 40 மார்க். 8 இல்ல அதுக்கு மேல வந்தா கவனிக்கணும், 20 இல்ல அதுக்கு மேல வந்தா அதுக்கான டாக்டர்கிட்ட அனுப்பணும். காலையில எழுந்ததும் குடிச்சாத்தான் ஆகுமா, ஒரே நேரத்துல ஆறு அளவு குடிப்பீங்களான்னு கேட்கும். ஒரு அளவுங்கிறது 30 மில்லி. “வெறும் குவாட்டர்தான்”கிறாங்களே, அந்த 180 மில்லியே ஆறு அளவு! கடைசிக் கேள்வி நம்மைப் பத்தினது: சொந்தக்காரங்களோ டாக்டரோ குடியைக் குறைக்கச் சொல்லியிருக்காங்களா? நம்ம வீடுகள்ல இதுக்கு முழு மார்க் விழும்.

கேட்டா மட்டும் என்ன ஆகப் போகுதுன்னு நினைக்கலாம். கோவாவில ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கு வந்த ஆண்களை இந்தக் கேள்விகளாலேயே கண்டுபிடிச்சு, 377 பேரை வச்சு ஆய்வு செஞ்சு 2017-ல வெளியிட்டாங்க. அதுல பாதிப் பேர்கிட்ட உட்கார்ந்து பேசினது டாக்டர் இல்ல, பயிற்சி எடுத்த உள்ளூர் ஆளுங்க. அதிகம் போனா நாலு தடவை பேச்சு. மூணு மாசத்துல அவங்கள்ல நூத்துக்கு 36 பேர் ஆபத்தான குடியை விட்டு வெளியே வந்தாங்க. வழக்கமான சிகிச்சை மட்டும் எடுத்தவங்கள்ல 26 பேர். பெரிய அதிசயம் இல்லதான். ஆனா அந்தப் பத்துப் பேரும் பத்துக் குடும்பம்.

நம்ம ஊர்ப் பக்கம் இன்னொண்ணும் இருக்கு. காலையில கை நடுங்குற ஆள் பட்டாசு ஆபீசுக்குப் போய் மருந்து செலுத்துறார். அந்த நடுக்கம் அவரோட மட்டும் நிக்காது. பக்கத்து அறையில நம்ம பெண்கள்தானே இருக்காங்க.

2021-ல இருந்து மக்களைத் தேடி மருத்துவத்துல நம்ம மாதிரி குழுப் பெண்களே வீடு வீடாப் போய் பிரஷர், சுகர் பார்க்கிறாங்க. அவங்க குடியைப் பத்திக் கேட்டா கோவிச்சுக்காதீங்க. கேட்கிறவங்களும் மாமியார், பிள்ளைங்க முன்னாடி வேண்டாம், தனியாக் கேளுங்க. பெண்கள்கிட்டயும் கேளுங்க, அதுல என்ன தப்பு?

கூட்டமைப்புக்கு ஒரு கோரிக்கை வைக்கிறேன். அந்தப் பத்துக் கேள்வியைத் தமிழ்ல அச்சடிச்சு, கீழே 14416, 104 ரெண்டு நம்பரையும் போட்டு, ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு தாள் கொடுக்கணும். அடுத்த மாதக் கூட்டத்துல இதைத் தீர்மானமா எழுதணும்னு எங்க குழு சார்பா கேட்டுக்கிறேன்.