கப்பலில் பால்கனி அறை: கொடுக்கிற பணத்துக்குத் தகுமா?

(நமது சங்கத்தின் சித்தூர், திருப்பதி கிளைகள் சேர்ந்து திருப்பதியில் நடத்திய குடும்பக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

2022-இல் திருப்பதி தனி மாவட்டமாகப் பிரிந்துவிட்டாலும் நம் இரண்டு கிளைகளும் பிரியாமல் ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிடுவது சந்தோஷமான விஷயம். சாப்பாட்டுக்கு முன்னால் இருபது நிமிஷம் என்று காரியதரிசி கணக்காகச் சொல்லியிருக்கிறார்.

எனக்குக் கொடுத்த தலைப்பு "ஓய்வுக்காலப் பயணங்கள்". அது பெரிய சமுத்திரம். அதில் ஒரே ஒரு கேள்வியை மட்டும் எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் ஆறு மாதமாக இந்த ஒரு கேள்விக்குத்தான் எனக்குப் போன் வருகிறது. "சார், கப்பலில் போகிறோம். பையன் பால்கனி ரூம்தான் போடணும் என்கிறான். கிட்டத்தட்ட இரண்டு மடங்கு ஆகிறது. தகுமா?" நான் இயற்பியல் பட்டதாரி. பிறகு முப்பத்தைந்து வருஷம் கருவூலத்தில் பில்களைப் பார்த்து, பாஸ் பண்ணியோ ஆட்சேபணை எழுதியோ காலம் கழித்தவன். அதனால் இந்தக் கேள்வி எனக்குப் பிடித்த கேள்வி.

நம் பாட்டனார் காலத்தில் கேள்வி வேறாக இருந்தது. கடல் தாண்டலாமா என்பதே அப்போது பெரிய விவாதம். கணித மேதை ராமானுஜன் 1914 மார்ச் 17 அன்று சென்னையில் 'நெவாசா' கப்பல் ஏறுவதற்குள் வீட்டில் எவ்வளவு தயக்கம் இருந்தது என்று எல்லோருக்கும் தெரியும். இன்று நாம் பால்கனியா ஜன்னலா என்று கேட்கும் அளவுக்கு வந்துவிட்டோம்.

சென்னையிலிருந்து நாகப்பட்டினம், பினாங்கு வழியாகச் சிங்கப்பூர் போன 'ராஜுலா'வைப் பெரியவர்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். 1926-இல் கட்டி, 1973 வரை அந்த வழியில் உழைத்த கப்பல். அதில் காசு இருந்தவர்கள் மூடிய கேபினுக்குப் பணம் கட்டினார்கள். காசில்லாதவர்கள் டெக் பாசஞ்சர்களாகப் பாய் விரித்துத் தட்டிலேயே படுத்தார்கள். காற்றும் கடலும் ஏழைக்கு இலவசம், அவை மேலே படாமல் இருப்பதற்குத்தான் கட்டணம்! பின்னால் வந்த 'சிதம்பரம்' கப்பலிலும் பெரும்பாலோர் பங்க் வகுப்பில்தான் போனார்கள். 1985 பிப்ரவரியில் அதில் தீப்பிடித்த பிறகு அந்தப் போக்குவரத்தே நின்றுபோயிற்று.

பால்கனி வியாபாரம் அதற்குச் சற்று முன்னால்தான் மேல்நாட்டில் தலையெடுத்தது. 1984-இல் வந்த 'ராயல் பிரின்சஸ்' என்ற உல்லாசக் கப்பலில் எல்லா அறைகளும் கடல் பார்த்த அறைகள், பலவற்றுக்கு பால்கனியும் உண்டு. ஜனங்கள் அதற்கு அதிகம் கொடுக்கத் தயார் என்று கம்பெனிகளுக்குப் புரிந்துவிட்டது. இன்றைக்குக் கட்டும் பெரிய கப்பல்கள் பக்கவாட்டில் பார்த்தால் பம்பாய் அடுக்குமாடி மாதிரி முழுக்க பால்கனிதான்.

நமக்குக் கிட்டத்தில் கிடைத்த கப்பல் கார்டீலியா கம்பெனியின் 'எம்ப்ரஸ்'. 2022 ஜூனில் சென்னையிலிருந்து ஓட ஆரம்பித்தது. 2023 ஜூனில் இலங்கைக்கும் போயிற்று. ஹம்பன்தோட்டை, திரிகோணமலை, யாழ்ப்பாணத்துக் காங்கேசன்துறை என்று துறைமுகங்கள். இது 1990-இல் கட்டிய கப்பல் என்பதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் காலத்து அமைப்பு. பெரும்பாலான அறைகள் ஒன்று உள் அறை, இல்லாவிட்டால் ஜன்னல் அறை. பால்கனி என்பது சூட் எனப்படும் மேல் வகுப்புக்கு மட்டும். எண்ணிக்கை குறைவு, ஆகவே விலை அதிகம்.

இனி கணக்குக்கு வருகிறேன். கப்பல் கட்டணம் விமான டிக்கெட் மாதிரி நாளுக்கு நாள் மாறும். ஆகவே தம்பதிக்கு ஜன்னல் அறைக்கும் பால்கனி அறைக்கும் நாற்பதாயிரம் வித்தியாசம் என்று வைத்துக்கொள்வோம். ஐந்து இரவு என்றால் 120 மணி நேரம். தூக்கம் 40. சாப்பாடு 15. இரண்டு துறைமுகத்தில் இறங்கிச் சுற்ற 16. ஏறவும் இறங்கவும் வரிசை, சோதனை, காத்திருத்தல் 8. கச்சேரி, ஆட்டம் பாட்டம், மேல்தட்டில் நடை, மற்றவர்களோடு அரட்டை 20. வெயில் கொளுத்துவதால் வெளியே உட்கார முடியாத நேரம் 6. மீதி 15 மணி. நாற்பதாயிரத்தைப் பதினைந்தால் வகுத்தால் மணிக்கு 2,667 ரூபாய். ஒரு நாற்காலியில் ஒரு மணி நேரம் உட்காருவதற்கு!

நம் ஊர்க்காரர்களுக்கு இது புரியாத விஷயமில்லை. திருமலையில் காட்டேஜ் கிடைக்க வேண்டும் என்று யார் யாரிடமோ சிபாரிசு பிடிப்போம். கிடைத்தபின் பெட்டியை வைத்துவிட்டு வைகுண்டம் க்யூ காம்ப்ளெக்ஸில் போய் உட்கார்ந்துவிடுவோம். காட்டேஜ் பூட்டியே கிடக்கும். ஐம்பது ரூபாய் அறைக்காரரும் அதே க்யூவில்தான் இருப்பார். கப்பலிலும் மேல்தட்டு எல்லோருக்கும் பொது. அங்கே நின்று பார்க்கிற கடலுக்குத் தனிக் கட்டணம் கிடையாது.

உயரமான அறையிலிருந்து ரொம்ப தூரம் தெரியும் என்று விற்பவர் சொல்வார். தொடுவானத்தின் தூரத்துக்குச் சுலபமான சூத்திரம் உண்டு. கடல் மட்டத்திலிருந்து கண் இருக்கும் உயரத்தை மீட்டரில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 3.57-ஆல் பெருக்கினால் கிலோமீட்டரில் விடை வரும். 10 மீட்டர் உயர ஜன்னலிலிருந்து 11 கிலோமீட்டர். 25 மீட்டர் உயர பால்கனியிலிருந்து 18 கிலோமீட்டர். அதிகப்படியாகக் கிடைப்பது ஏழு கிலோமீட்டர் தண்ணீர்.

உயரத்துக்கு இன்னொரு விலையும் உண்டு, அதை யாரும் சொல்வதில்லை. கப்பல் பக்கவாட்டில் ஆடும்போது, ஆட்டத்தின் அச்சிலிருந்து எவ்வளவு உயரத்தில் இருக்கிறோமோ அவ்வளவு அதிகமாக அசைவோம். மூன்று டிகிரி சாய்வு என்று வைத்துக்கொண்டால், அச்சுக்கு 5 மீட்டர் மேலே இருப்பவர் பக்கத்துக்கு 26 சென்டிமீட்டர் நகர்வார். 15 மீட்டர் மேலே இருப்பவர் கிட்டத்தட்ட 80 சென்டிமீட்டர். முனையிலும் பின்கோடியிலும் மேலும் கீழுமாகத் தூக்கிப் போடுவது வேறு. தலைசுற்றல், வாந்தி சுபாவம் உள்ளவர்களுக்குக் கீழ்த் தட்டில், கப்பலின் நடுப்பகுதியில் இருக்கும் ஜன்னல் அறைதான் உத்தமம். ஜன்னல் ஏன் என்றால், உள்காது "ஆடுகிறோம்" என்று சொல்ல, கண் "ஆடவில்லை" என்று சொல்லும்போதுதான் குமட்டல் வருகிறது. தொடுவானத்தைப் பார்த்தால் இரண்டும் சமாதானமாகிவிடும். சென்னைப் பயணங்கள் தென்மேற்குப் பருவக்காற்று காலத்தில்தான் அதிகம் நடந்தன, மேற்குக் கரையில் அப்போது கடல் கொந்தளிப்பு என்பதால். அந்த மாதங்களில் திரிகோணமலைப் பக்கம் கடல் அமைதி. தெற்கே ஹம்பன்தோட்டையை நெருங்கும்போது அலை பெரிசாக வரும்.

இதுவரை கேட்டவர்கள் நான் பால்கனிக்கு ஆட்சேபணை எழுதிவிட்டேன் என்று நினைத்திருப்பீர்கள். 2023-இல் எங்கள் குடும்பத்தில் நாலு பேர் அந்தக் கப்பலில் இலங்கை போனோம். நானும் என் சகதர்மிணியும் ஜன்னல் அறை. அக்காவுக்கும் அத்திம்பேருக்கும் பால்கனி அறை. அக்காவுக்கு அப்போது 81 வயது. இடது கால் சரியில்லை, வாக்கர் வைத்துக்கொண்டு வீட்டுக்குள் நடப்பாள், அவ்வளவுதான். அத்திம்பேருக்கு 86. "அந்தப் பணத்தில் இவளுக்கு ஒரு வருஷத்து மருந்து வாங்கலாம். கடலைப் பார்க்க எதற்கு இத்தனை?" என்று பிடிவாதமாக நின்றார். அவர் சொன்னது தப்பில்லை. ஓய்வூதியத்தில் வாழ்கிறவருக்கு நாற்பதாயிரம் நாற்பதாயிரம்தான்.

நான் அவருக்கு ஒரு தாளில் எழுதிக் காட்டினேன். அக்கா இறங்கிச் சுற்றப் போவதில்லை. கச்சேரிக்கு வரமாட்டாள். லிஃப்ட் ஏறி, கூட்டத்தில் இடிபட்டு மேல்தட்டுக்கு ஒரு தடவை வருவாள், மறுநாள் "நீங்கள் போங்கோ" என்பாள். எல்லோருக்கும் பொதுவான அந்தத் தட்டு அவளுக்கு மட்டும் கிடையாது. காலையில் ஐந்திலிருந்து ஒன்பது, சாயங்காலம் நாலிலிருந்து எட்டு, நாலு முழு நாளைக்கு 32 மணி. முதல் நாள் சாயங்காலம் மூன்று. ஆக 35. மணிக்கு 1,143 ரூபாய், இரண்டு பேருக்குமாக. அத்திம்பேர் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கடைசியில், "கூட்டல் சரியாக இருக்கிறது" என்றார். அதுவே சம்மதம்.

நடந்தது என் கணக்கைவிட அதிகம். அக்கா மத்தியானத்திலும் கதவோரம் நிழலில் உட்கார்ந்திருந்தாள். சித்தூரில் நாலு பக்கமும் மலையும் பாறையும் பார்த்தே எண்பது வருஷம் இருந்தவள். கடல் என்றால் மெரினாவில் மணலில் நின்று பார்த்ததுதான். பறக்கும் மீன்கள் கூட்டமாகத் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு போவதை எங்கள் நாலு பேரில் முதலில் பார்த்தது அவள்தான். எனக்கு ஆள் அனுப்பினாள், நான் போய்ச் சேர்வதற்குள் மறைந்துவிட்டன. இலங்கையின் தென்கோடியைச் சுற்றிக் கிழக்குக்கும் மேற்குக்கும் போகும் சரக்குக் கப்பல்களின் பெரும்பாதை ஹம்பன்தோட்டைக்குச் சில கடல் மைல் தூரத்திலேயே இருக்கிறது. ராத்திரி அந்தக் கப்பல்களின் விளக்குகளை எண்ணிக்கொண்டிருந்தாள். பதினாலு என்றாள். "கார்த்திகைக்கு ஏற்றி வைத்த மாதிரி வரிசையாக இருக்கு" என்றாள். அத்திம்பேர் பக்கத்தில் மஃப்ளர் சுற்றிக்கொண்டு உட்கார்ந்து, பன்னிரண்டுதான் என்று வாதாடிக்கொண்டிருந்தார்.

அக்கா 2024 தை மாதம் போய்விட்டாள். அத்திம்பேர் அந்தத் தொகையைப் பற்றி அப்புறம் பேசியதில்லை. நானும் கேட்கவில்லை.

ஆகவே என்னிடம் கேட்கிறவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது, முழங்கால் எப்படி இருக்கிறது என்பதுதான். கால் நன்றாக இருக்கிறவருக்கு ஜன்னல் அறை போதும். அறுபத்தைந்து வயதில் மேல்தட்டில் தினம் நாலு சுற்று நடக்கிறவர் பால்கனிக்குக் கொடுப்பது அந்தஸ்துக்குக் கொடுப்பது. அதுவும் அவரவர் இஷ்டம், நான் குறுக்கே நிற்கமாட்டேன்.

பால்கனி என்று முடிவானால் எந்தப் பக்கம் என்று கேளுங்கள். இதைப் பலர் கேட்பதில்லை. சென்னையிலிருந்து தெற்கே போகும்போது கப்பலின் இடப் பக்கம் கிழக்கு. காலை சூரியன் அங்கே. வலப் பக்கத்தில் மத்தியான வெயில் பொரியும். திரும்பி வரும்போது இது தலைகீழ். அந்தக் காலத்தில் இங்கிலாந்திலிருந்து இந்தியா வந்த துரைமார்கள் போகும்போது இடப் பக்கம், திரும்பும்போது வலப் பக்கம் என்று நிழலறையாகப் பதிவு செய்தார்கள், 'போஷ்' என்ற ஆங்கிலச் சொல்லே அந்த நாலு வார்த்தைகளின் முதலெழுத்துகளிலிருந்து வந்தது என்று ஒரு கதை உண்டு. அகராதிக்காரர்கள் அதை ஒப்புக்கொள்வதில்லை. சொல்லின் கதை பொய்யானாலும் வெயிலின் கணக்கு மெய். பௌர்ணமியை ஒட்டித் தேதி கிடைத்தால் இன்னும் விசேஷம். சூரியன் மேற்கே இறங்கும் நேரத்துக்கே சந்திரன் கிழக்கே கடலிலிருந்து ஏறும்.

வயதானவர்களுக்குப் பதிவு செய்யும்போது பால்கனிக் கதவுக்கும் குளியலறைக்கும் வாசற்படி எவ்வளவு உயரம் என்று கேட்டு எழுதி வாங்குங்கள். பழைய கப்பல்களில் அது உயரமாக இருப்பதுண்டு, வாக்கர் தாண்டாது. ஜன்னல் அறை என்றால் எதிரே உயிர்காப்புப் படகு தொங்குகிறதா என்று கேளுங்கள். கட்டணம் குறைவு, அறை எண் பிறகு தருவோம் என்று சொன்னால் முதியவர்களுக்கு வேண்டாம், முனையிலோ கோடியிலோ போட்டுவிடுவார்கள். கட்டணம் பெரும்பாலும் அறைக்கு இரண்டு பேர் என்ற கணக்கில் போடுவது, தனியாகப் போகிறவருக்குச் சுமை கூடும். சாப்பாடு பற்றி மாமிகள் கேட்பார்கள். எம்ப்ரஸில் சைவமும், வெங்காயம் பூண்டு இல்லாத ஜைன உணவும் உண்டு. காபி விஷயத்தில் எதிர்பார்ப்பைக் கொஞ்சம் குறைத்துக்கொள்வது நல்லது. இங்கிருந்து துறைமுகத்துக்கு மூன்று நாலு மணி நேரம்தான் என்று அன்று காலையில் கிளம்பாதீர்கள். முதல் நாளே சென்னை போய்விடுங்கள்.

ஹைதராபாத் கிளை அன்பர் ஒருவர் இதையே எழுதிக் கேட்டிருக்கிறார். சிங்கப்பூரிலிருந்து பினாங்கு, புக்கெட் போகிறார்களாம். அவரும் மனைவியும் ஐம்பதுகளில், கூட 84 வயது அம்மா, வாக்கரோடு. மூன்று பேருக்கும் பால்கனி போட்டால் கட்டுப்படியாகவில்லை என்கிறார். அம்மாவுக்கும் மருமகளுக்கும் பால்கனி. போகும்போது கப்பல் வடமேற்காகப் போவதால் வலப் பக்கம் கேட்கவும், காலை வெயில் கிடைக்கும். அவருக்கு, அதே தட்டில் எதிர்வரிசையில் ஒரு உள் அறை.