அமெரிக்கப் பள்ளிச் சுவரில் அயல்நாட்டுக் கொடிகள்

(சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



2006-ஆம் ஆண்டு ஆகத்துத் திங்களில் அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் நிகழ்ந்த ஒன்றிலிருந்து இவ்வுரை தொடங்குகின்றது. ஆங்குச் செபர்சன் மாவட்டத்துப் பொதுப்பள்ளி ஒன்றில், ஏழாம் வகுப்புப் பிள்ளைகட்கு உலக ஞாலநூல் கற்பித்து வந்த ஆசிரியர் ஒருவர், தம் வகுப்பறையில் மெக்சிக்கோக் கொடியையும் சீனக் கொடியையும் ஒன்றிய நாட்டவையின் கொடியையும் தொங்க விட்டிருந்தார். அமெரிக்கக் கொடியும் அதே அறையில் இருந்தது. எனினும், அயற்கொடிகளை அகற்றுமாறு பள்ளித் தலைமை அவருக்கு ஆணையிட்டது. அவர் மறுத்தார். உடனே பணியினின்று ஒதுக்கி வைக்கப்பெற்றார். நாடுகளைப் பற்றிக் கற்பிக்கும் அறையில் நாடுகளின் கொடிகள் இருந்ததுதான் அவர் செய்த குற்றம்!

அம்மாநிலத்தில் அதற்கு ஒரு சட்டம் உண்டு. அரசுக்கும் மாவட்டத்துக்கும் நகராட்சிக்கும் உரிய கட்டடங்களில் அயல்நாட்டுக் கொடியை நிலையாகப் பறக்க விடலாகாது என்பது அது. ஆனால் அதே சட்டம், பாடம் நடத்துவதற்காகவோ வரலாற்றை விளக்குவதற்காகவோ சிறிது காலத்துக்கு வைப்பதை விலக்கவில்லை. பின் எங்கே வந்தது வழக்கு? 'சிறிது காலம்' என்பது எவ்வளவு, 'பாடத்திற்காக' என்பது எது என்பதில்தான். அந்நாடு பற்றிய பாடம் நடக்கும் கிழமையில் மட்டுமே கொடி இருக்கலாம் என்று ஒருவர் கொள்ளலாம். உலகப் பாடம் ஆண்டு முழுதும் நடக்கின்றது, ஆகவே கொடியும் இருக்கலாம் என்று இன்னொருவர் கொள்ளலாம். சட்டத்தின் சொல் இரண்டிற்கும் இடங்கொடுக்கின்றது. சொல்லில் தெளிவில்லாத இடத்தில் ஆள்வோரின் அச்சமே பொருள் கூறத் தொடங்கிவிடும்.

அவ்வச்சத்திற்கு அப்போது ஒரு கரணியமும் இருந்தது. அதே 2006-ஆம் ஆண்டின் இளவேனிலில், குடியேறிகள்மேல் கடுமை காட்டும் சட்ட வரைவை எதிர்த்து அமெரிக்க நகரங்களில் பெரும் பெரும் ஊர்வலங்கள் நடந்தன. பள்ளிப் பிள்ளைகளும் வகுப்பை விட்டு வெளியேறி அவற்றில் கலந்தனர். பலர் கைகளில் மெக்சிக்கோக் கொடி இருந்தது. அதனைக் கண்ட வெள்ளை அமெரிக்கர் பலர், தம் வீட்டுக்குள் அயலான் கொடி நட்டுவிட்டான் என்று கொதித்தனர். ஆசிரியரின் சுவரில் இருந்த கொடி ஞாலநூற் கொடிதான். பார்த்தவர் கண்ணில் அது ஊர்வலக் கொடியாகிவிட்டது.

எதிர்ப்போரின் வாதத்தையும் முறையாகக் கேட்டாக வேண்டும். பல நாடுகளினின்று வந்த மக்களால் ஆனது அமெரிக்கா. அவரையெல்லாம் ஒரு நாட்டினராகப் பிணைப்பது பொதுப்பள்ளி. அப்பள்ளியில் ஒரே கொடிதான் இருக்க வேண்டும். ஒவ்வொருவரும் தத்தம் கொடியைத் தூக்கினால் பள்ளி சந்தையாகிவிடும் என்பது அவர் கூற்று. இதனை வெற்றுரை என்று தள்ளிவிட இயலாது. ஆனால் அவ்வொரு கொடியின் வரலாறே அக்கூற்றைக் கலங்கச் செய்கின்றது.

அமெரிக்கப் பள்ளிகளில் பிள்ளைகள் நாடோறும் எழுந்து நின்று கூறும் கொடி உறுதிமொழி 1892-இல் எழுதப்பெற்றது. எழுதியவர் பிரான்சிசு பெல்லமி என்னும் கிறித்தவக் குருவர். கொலம்பசு அந்நிலத்தை அடைந்த நானூறாம் ஆண்டு விழாவையொட்டி, இளைஞர்க்கான இதழ் ஒன்றில் அது வெளிவந்தது. அதில் அவர், 'என் கொடி' என்றே எழுதியிருந்தார். எந்நாடு என்ற குறிப்பு அதில் இல்லை. 'என்' என்ற ஒரு சொல்லே போதும் என்று அவர் எண்ணியிருக்க வேண்டும். முப்பத்தோராண்டு அவ்வாறே கூறப்பட்டது. 1923 சூன் 14-ஆம் நாள் வாசிங்டனில் கூடிய கொடி மாநாடு அச்சொல்லை நீக்கி, 'ஒன்றிய நாடுகளின் கொடி' என்று மாற்றியது. 'அமெரிக்காவின்' என்ற சொல் மறு ஆண்டு சேர்க்கப்பட்டது. ஏன் இம்மாற்றம்? குடியேறிகளின் பிள்ளை 'என் கொடி' என்று வாயாற் கூறும்போது, உள்ளத்தில் தான் பிறந்த நாட்டின் கொடியை நினைத்துவிட்டால் என் செய்வது என்னும் ஐயுறவே அதற்குக் கரணியம்!

இத்தாலியிலிருந்தோ போலந்திலிருந்தோ வந்த ஒரு கூலியின் மகள், ஆறு அகவைச் சிறுமி, நெஞ்சில் எதை நினைக்கின்றாள் என்று பேரறிஞர் கூடி ஆராய்ந்திருக்கின்றனர். அவள் நெஞ்சுக்குள் நுழைய வழியில்லாமையால் சொல்லைப் பிடுங்கினர். அயல்நாட்டுக் கொடி அமெரிக்கப் பள்ளிச் சுவரில் தொங்கலாமா என்ற வினாவுக்கு முன்பே, அது பிள்ளையின் நினைவில் தொங்கலாமா என்ற வினா எழுந்துவிட்டது என்க.

அதன்பின் சொல்லளவில் நில்லாமல் வற்புறுத்தலும் வந்தது. யெகோவாவின் சான்றாளர் என்னும் சமயக் குழுவினர், கடவுளையன்றிப் பிறிதெதனையும் வணங்குவதில்லை என்னும் கொள்கையால் கொடி வணக்கத்தை மறுத்தனர். பென்சில்வேனியாவில் அவ்வாறு மறுத்த பன்னீரகவைச் சிறுமியும் பத்தகவைத் தம்பியும் பள்ளியினின்று நீக்கப்பெற்றனர். 1940-இல் நாட்டின் உச்ச முறைமன்றம் எட்டுக்கு ஒன்று என்ற கணக்கில் பள்ளியின் பக்கமே தீர்ப்பளித்தது. தீர்ப்பு வந்ததும் பல ஊர்களில் அக்குழுவினர் அடித்து விரட்டப்பட்டனர். மூன்றே ஆண்டில், 1943 சூன் 14-இல், மேற்கு வெர்சீனியா வழக்கில் அதே மன்றம் தன் தீர்ப்பைத் தானே மாற்றிக்கொண்டது. எவரையும் கொடி வணங்குமாறு அரசு வற்புறுத்த இயலாது என்றது. உலகப்போர் மூண்டெரிந்துகொண்டிருந்த நாளில் அத்தீர்ப்பு வந்தது என்பது எண்ணிப் பார்க்கத் தக்கது. அதற்கு முன் ஆண்டுவரை, பிள்ளைகள் கொடியை நோக்கிக் கையை நீட்டியே வணங்கி வந்தனர். இட்லரின் படையினர் வணக்கத்தைப்போல் அது தோன்றியதால், 1942-இல்தான் கையை நெஞ்சில் வைக்கும் முறை வந்தது.

ஆக, தன் நாட்டுக் கொடியையே வணங்கென வற்புறுத்தல் ஆகாது என்று முடிந்துவிட்ட ஒரு நாட்டில், பிற நாட்டுக் கொடியைக் கண்ணாற் பார்ப்பதனால் என்ன கேடு விளைந்துவிடும்? பார்த்தல் வேறு, வணங்கல் வேறு. அமெரிக்கரின் கொடி நெறிமுறையே பிற நாட்டுக் கொடிக்கு இடம் வகுத்துள்ளது. தம் கொடிக்கு வலப்பக்கச் சிறப்பிடம் என்று கூறும் அந்நெறிமுறை, அமைதிக் காலத்தில் ஒரு நாட்டுக் கொடியை மற்றொரு நாட்டுக் கொடிக்கு மேலே பறக்க விடுதல் உலக வழக்குக்கு ஒவ்வாது என்றும், கொடிகள் தனித்தனிக் கம்பங்களில் ஒத்த உயரத்தில், ஏறத்தாழ ஒத்த அளவில் இருக்க வேண்டும் என்றும் கூறுகின்றது.

மாணவர் தாமே கொடி ஏந்தினால்? 1965-இல் வியத்துநாம் போரை எதிர்த்துக் கறுப்புப் பட்டை அணிந்து வந்த அயோவா மாணவர் வழக்கில், பள்ளி வாயிலைத் தாண்டியதால் பிள்ளைகள் தம் பேச்சுரிமையை இழந்துவிடுவதில்லை என்று 1969-இல் உச்ச முறைமன்றம் தீர்த்தது. பள்ளிப் பணிக்குப் பெரும் இடையூறு விளையும் என்று அஞ்சத் தக்க அடிப்படை இருந்தாலன்றித் தடுக்கலாகாது என்பது அதன் அளவுகோல். இவ்வளவுகோல் யாரையும் வெட்டும் இருமுனைக் கத்தி என்பது பின்னர் தெரிந்தது. கலிப்போர்னியாவின் மார்கன் மலைப் பகுதிப் பள்ளி ஒன்றில், 2010 மே 5-ஆம் நாள், மெக்சிக்கோ மரபினர் விழாக் கொண்டாடிய வேளையில், சில மாணவர் அமெரிக்கக் கொடி பொறித்த சட்டை அணிந்து வந்தனர். முந்தைய ஆண்டு அதே நாளில் இரு சாரார்க்கும் மோதல் நிகழ்ந்திருந்தது. சட்டையை உட்புறம் வெளியாகத் திருப்பி அணிக, அன்றேல் வீடு செல்க என்றது பள்ளி. மேல்முறையீட்டு மன்றம் 2014-இல் பள்ளி செய்தது சரியே என்றது; உச்ச மன்றம் 2015-இல் அவ்வழக்கை எடுத்துக்கொள்ள மறுத்தது. அமெரிக்கப் பள்ளியில் அமெரிக்கக் கொடியே ஒருநாள் ஒளிந்துகொள்ள நேர்ந்தது! ஒரு கொடியை வரவேற்று மற்றதை விரட்டினால், எக்கொடியும் சண்டைக் கொடியாகும் என்பதையே இது காட்டுகின்றது.

2025-இல் ஊட்டா மாநிலம் பள்ளிகளில் எக்கொடிகள் இருக்கலாம் என்று பட்டியலிட்டே சட்டம் இயற்றியது. இனி வேறு மாநிலங்களும் பட்டியல் எழுதும்.

எழுதட்டும். ஆனால் எப்பட்டியலும் விடை கூறாத வினா ஒன்று உண்டு. குடியேறியின் பிள்ளையைப் பெருமைப்படுத்தவே அயற்கொடி என்று நல்லுள்ளம் படைத்த ஆசிரியர் கூறுவர். எனில், அப்பிள்ளையின் கொடி எது?

வியத்துநாமினின்று ஏதிலியராய்ச் சென்றோரின் பிள்ளைக்கு எக்கொடியை மாட்டுவது? ஒன்றிய நாட்டவையில் பறப்பது சிவப்பில் மஞ்சள் விண்மீன் பொறித்த கொடி. அக்கொடிக்கு அஞ்சித்தான் அவர்தம் பெற்றோர் படகேறினர். அவர் போற்றுவது மஞ்சளில் மூன்று சிவப்புக் கோடுகள் கொண்ட பழைய தென்வியத்துநாம் கொடியை. அந்நாடு 1975-இல் மறைந்துவிட்டது. உலகப்படத்தில் அதற்கு இடமில்லை. எனினும் கலிப்போர்னியாவின் வெசுட்டுமினிசுட்டர் நகராட்சி 2003-இல் அக்கொடியை அம்மக்களின் கொடியாக ஏற்றது. பின்னர்ப் பல நகரங்கள் அவ்வழியே சென்றன. கொடியை அரசிடம் கேளாமல் மக்களிடம் கேட்டனர் என்பது பாராட்டுக்குரியது.

அமெரிக்க மண்ணின் தொல்குடியினராகிய நவகோ மக்கள் 1968-இல் தமக்கெனக் கொடி வகுத்துக்கொண்டனர். அஃது அயல்நாட்டுக் கொடியா, உள்நாட்டுக் கொடியா? வந்தேறியவன் சட்டத்தில் மண்ணுக்குரியவன் கொடி எப்பக்கலில் நிற்கும்?

ஈழத்தமிழ்ப் பிள்ளையின் நிலையும் இதுவே. 1983-இன் இனப்படுகொலைக்குப் பின் கடல் கடந்தோரின் பெயர்த்தி ஒருத்தி அமெரிக்கப் பள்ளியில் படிப்பதாக வைத்துக்கொள்க. அவள் மகிழட்டும் என்று ஆசிரியர் இலங்கைக் கொடியை வாங்கி மாட்டுகின்றார். வாளேந்திய சிங்கள அரிமா அதில் நிற்கின்றது. தமிழரைக் குறிக்கும் காவிக்கோடு அரிமாவின் கட்டத்துக்கு வெளியே ஒதுங்கி நிற்கின்றது. வீட்டில் பாட்டி எதற்கு அஞ்சி ஓடிவந்தாளோ, அதனைப் பள்ளியில் பெயர்த்திக்குப் பரிசாக அளிக்கின்றார். ஆசிரியர்மேல் குற்றமில்லை. அவரிடமுள்ள பட்டியலில் நாடுகள் உள. நாடற்ற இனங்கள் இல. குர்து மக்களின் பிள்ளைக்கும் திபேத்தியப் பிள்ளைக்கும் இதே கதிதான். அப்பிள்ளையை ஒருமுறை கேட்டிருந்தால் அவளே கூறியிருப்பாள்.

கேட்பதென்றால் எம்மொழியில் கேட்பது? இங்குதான் சிக்கலின் வேர் இருக்கின்றது. துணிக்கொடியைச் சுவரில் மாட்டுவது எளிது; பிள்ளையின் தாய்மொழிக்கு வகுப்பில் இடந்தருவது அரிது. பென்சில்வேனியாவின் கார்லைல் நகரில் 1879 முதல் 1918 வரை நடந்த உறைவிடப் பள்ளியில், தொல்குடிப் பிள்ளைகளின் முடி வெட்டப்பட்டது, பெயர் மாற்றப்பட்டது, தாய்மொழி பேசினால் ஒறுப்பு. நவகோப் பிள்ளைகளும் பிற உறைவிடப் பள்ளிகளில் இக்கொடுமைக்கு உள்ளாயினர். அம்மொழியையே இரண்டாம் உலகப்போரில் பகைவரறியா மறைமொழியாக அமெரிக்கப் படை பயன்படுத்திக்கொண்டது. தொல்குடி மொழிகளைக் காக்கும் சட்டம் 1990-இல்தான் வந்தது. கலிப்போர்னியாவோ 1998-இல் பள்ளிகளில் இருமொழிக் கல்வியை ஒடுக்கிப் பொது வாக்கெடுப்பில் சட்டம் செய்தது. 2016-இல் அதே மக்கள் வாக்களித்து அதனை நீக்கினர். இடைப்பட்ட பதினெட்டு ஆண்டுகளில், மெக்சிக்கோ மரபினர் விழாவுக்குப் பள்ளியில் இடமிருந்தாலும், அப்பிள்ளையின் மொழிக்கு வகுப்பில் இடம் சுருங்கியிருந்தது. அமெரிக்கத் தமிழரும் இன்று கிழமை இறுதி நாள்களில் தாமே பள்ளி நடத்தித்தான் தம் மக்களுக்குத் தமிழ் ஊட்டுகின்றனர்.

கொடியைத் தடுக்க வேண்டா; அதனை வணங்கென்று வற்புறுத்தவும் வேண்டா. பாடத்திற்கு வேண்டும் கொடிகள் எல்லாம் அறையில் இருக்கட்டும். ஆயின் அதனோடு கடமை முடிந்தது என்று எவரும் கைகழுவ வேண்டா.

நெபிராசுக்கா மாநிலம் 1919-இல், எட்டாம் வகுப்பைத் தாண்டாத பிள்ளைக்கு எப்பள்ளியிலும் அயன்மொழி கற்பித்தல் குற்றம் என்று சட்டம் இயற்றியது. செருமனியோடு நடந்த போரின் வெறுப்பே அதற்கு வித்து. 1920 மே திங்களில், சமயக் குழு நடத்திய சிற்றூர்ப் பள்ளி ஒன்றில் பத்தகவைச் சிறுவன் ஒருவன் செருமன் மொழியில் விவிலியக் கதை படித்துக்கொண்டிருந்தான். அப்போது மாவட்ட அரசு வழக்குரைஞர் உள்ளே வந்தார். அவரைக் கண்டும் ஆசிரியர் மேயர் பாடத்தை நிறுத்தவில்லை. இருபத்தைந்து டாலர் தண்டம் விதிக்கப்பட்டது. அவர் அதனைக் கட்டாது வழக்காடினார். உச்ச முறைமன்றம் ஏழுக்கு இரண்டு என்ற கணக்கில் அச்சட்டத்தை வீழ்த்தி, அச்சிறுவன் தன் மொழியில் படிக்கலாம் என்றது. அத்தீர்ப்பு வந்த நாள் 1923 சூன் 4. சரியாகப் பத்து நாள் கழித்துத்தான் வாசிங்டனில் கொடி மாநாடு கூடி, 'என்' என்ற சொல்லை எடுத்தது.